வெற்றிலை மையில் ஒரு நீலக்கட்டம் லுங்கி

நான் காலால் பிறந்தவள் என்பது உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? எல்லாக் குழந்தைக்கும் தலை முதலில் வர, எனக்குக் கால் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று ராயபுரத்தில் நம் தெருவே நம்பியது. மூட்டை தூக்குகிற ஆட்கள் எங்கள் கடை வாசலில் வந்து குப்புறப் படுப்பார்கள். நான் முதுகில் ஏறி மூன்று மிதி மிதித்துவிட்டு ஓடுவேன். உங்களில் ஒருத்தியின் அப்பா மிதி வாங்கிக்கொண்டு எனக்குக் கமர்கட்டு வாங்கித் தந்தார். மறுநாளும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தார். நான் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கமர்கட்டு போய்விடும்.

ஆளுக்கொரு நினைவு எழுதி அனுப்புங்கள் என்று நம் பள்ளித் தோழிகள் குழுவில் கேட்டு ஆறு வாரமாகிறது. பள்ளிக்கூடத்து மணி, மழையில் நனைந்த பாவாடை, பாட்டு டீச்சரின் கொண்டை என்று எல்லோரும் எழுதிவிட்டீர்கள். நான் நான்கு முறை தொடங்கிக் கிழித்துப் போட்டேன். என்னால் உட்கார முடியவில்லை. இரண்டு வரி எழுதுவேன், அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்தால் வாசற்கதவு. அதனால் இது கொஞ்சம் அங்கும் இங்கும் அலையத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் ஒன்றே ஒன்றுதான். பத்து வயதில் நான் சொன்ன ஒரு பொய்யால் ஒரு மனிதருக்குக் கடல் இல்லாமல் போனது.

எங்கள் வீட்டுக்காரம்மாவை மறந்திருக்க மாட்டீர்கள். புருஷன் போன பிறகு காசிமேட்டு ஏலத்தில் ஆண்களோடு ஆணாக நின்று தொண்டை கிழியக் கத்தி மீன் விற்றவர். அவருக்கு மீன்பிடிக்கிற விசைப்படகு ஒன்று, லாஞ்சு என்போம், சொந்தமாக இருந்தது. கீழ்க்கட்டில் நாங்களும் மேல்மாடியில் என் தோழியும் குடியிருந்தோம். அவளுடைய அம்மா அதற்கு முந்தின வருஷம்தான் காய்ச்சலில் இறந்திருந்தார். என் அப்பா தெற்கேயிருந்து வந்து கயிறும் தூண்டில் முள்ளும் தாரும் விற்றவர். கடையில் எப்போதும் தார் வாசனை. என் பள்ளிக்கூடப் பையிலும் அதே வாசனை என்று நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வீர்களே, அதேதான்.

அது ஆடி மாதம். லாஞ்சைக் கரையில் ஏற்றிச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனது. வானம் பூராவும் காத்தாடி. நாங்கள் பெண்பிள்ளைகள் விடக்கூடாது என்று சட்டம், ஆனால் அறுந்து விழுவதை ஓடிப் பிடிக்கலாம் என்று நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். கை விரல் எல்லாம் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் கீறிய கோடுகள்.

ஐஸ்கார அண்ணனைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அப்படித்தான் கூப்பிட்டோம். ஐஸ் கட்டிகளைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து, எங்கள் முற்றத்தில் போட்டு, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் உடைத்து மீன் பெட்டிகளுக்கு நிரப்புவார். குளிர் தாங்காமல் வலது கையில் எப்போதும் சாக்குத் துணி சுற்றியிருப்பார். இருபது வயது இருக்கும். சில்லு தெறித்தால் கழுவி எங்கள் வாயில் போடுவார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது கதை சொன்னால் கொட்டாப்புளியை அப்படியே தூக்கிப் பிடித்தபடி நின்றுவிடுவார். ஐஸ் கரைந்து ஓடும். வீட்டுக்காரம்மா கத்துவார்: "டேய், ஐஸு தண்ணியாப் பூடுச்சி, நீ எங்கடா பூட்ட?"

ஆவணி பிறந்ததும் அவரைத் தன் லாஞ்சில் ஏற்றுவதாக வீட்டுக்காரம்மா வாக்குக் கொடுத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் ஐஸ் உடைக்கிறவனுக்குப் பெண் தர மாட்டார்கள், கடலுக்குப் போகிறவனுக்குத் தருவார்கள். அண்ணன் சாயம் அடிக்கிற இடத்துக்குத் தினம் போய் லாஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். "இதோ, இந்த எடத்துலதான் நான் குந்திகினு போவேன் பாப்பா" என்று எனக்குக் காட்டியிருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் லாஞ்சின் காம்பஸ் பெட்டி காணாமல் போனது. உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளைத் திசைகாட்டி, மரப்பெட்டிக்குள். வீட்டுக்காரம்மாவின் புருஷன் வாங்கியது. உள்ளே ஏதோ திரவத்தில் முள் மிதந்துகொண்டே இருக்கும், ஒரு நிமிஷம் நிலைகொள்ளாது. என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுவும் எம்பிள்ள மாதிரில்லா இருக்கு" என்று சிரித்திருக்கிறாள். சாயம் அடிப்பதற்காகக் கழற்றி வைத்த பொருள், வைத்த இடத்தில் இல்லை.

போலீசுக்குப் போகிற வழக்கம் நம் பக்கம் கிடையாது. மூலக்கொத்தளத்திலிருந்து மைக்காரர் வந்தார். சுடுகாட்டுப் பக்கம் இருக்கிறவர், ஆகவே அவர் மை பலிக்கும் என்று பேச்சு. வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி ஒரு குழந்தையைப் பார்க்கச் சொல்வார். எடுத்தவன் முகம் குழந்தைக்குத் தெரியும். எல்லாக் குழந்தைக்கும் தெரியாது, காலால் பிறந்த குழந்தை இருந்தால் உத்தமம் என்று அவர் சொன்னதும் முற்றத்திலிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அம்மா மறுத்தாள். "எம்பிள்ளைய இதுக்கெல்லாம் விடமாட்டேன்" என்றாள். குடியிருக்கிற வீடு, வீட்டுக்காரம்மாவின் கண்ணில் நீர். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏட்டி, அஞ்சு நிமிசம் அசையாம இரு. தெரியுதத சொல்லு. பெறகு ஓடிரலாம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் எனக்குக் காதில் விழுந்தது.

நல்ல மத்தியானம். நான் தலை குளித்து வர நேரமானதால் முதலில் மாடித் தோழியை உட்கார வைத்துப் பார்த்தார்கள். நான் வந்து நின்றபோதே சாம்பிராணிப் புகை சூழ்ந்திருந்தது. மைக்காரர் குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது, ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக: "பாரு... கண்ணு சிமிட்டாத... கறுப்பு வெளுக்குது... ஒரு எடம் தெரியுது... ஒருத்தன் வந்து பெருக்கறான்... தண்ணி தெளிக்கறான்... நாற்காலி போடறான்... யாரு வந்து குந்தறாங்க, சொல்லு..."

அவள் உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடியது. கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. "எங்கம்மா" என்றாள். "எங்கம்மா குந்திகினு கீறாங்க. தல வாரிகினு கீறாங்க. ஈரத் தல."

"காம்பஸு எங்கன்னு உங்கம்மாவக் கேளு" என்றார் மைக்காரர்.

"எங்கம்மா சிரிக்கிறாங்க."

வீட்டுக்காரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "காம்பஸக் கேட்டா ஆத்தாவக் காட்டறா. எய்ந்திரு மே. காலால பொறந்த கொயந்தயக் குந்த வைங்க." தோழியை இழுத்து எழுப்பினார்கள். அவள் அங்கிருந்து போக மாட்டேன் என்று வெற்றிலையைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவளுக்கு அன்று தெரிந்தது யாருக்கும் உபயோகப்படாத விஷயம், அதனால் அது மை இல்லையாம், மனப்பிராந்தியாம்.

இதுவரை எழுதிவிட்டு, எழுந்து ஒரு நடை போய்விட்டு வந்தேன்.

அன்று தோழி எழுந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். வெற்றிலையில் மை இருந்தது. பளபளவென்று கறுப்பாக இருந்தது. வேறெதுவும் இல்லை. "கறுப்பு வெளுக்குதா?" என்றார். "ஆமா" என்றேன். "பெருக்கறானா?" "பெருக்குறான்." அவர் தோழியிடம் சொன்னதைக் கேட்டவள்தானே, எந்தக் கேள்விக்கு எது பதில் என்று தெரியாதா எனக்கு? கால் மரத்துப்போனது. வெளியே, "டீல்! டீல்!" என்று கத்துகிறார்கள். ஒரு காத்தாடி அறுந்துவிட்டது. அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால் போதும் எனக்கு. உடம்பு முழுக்க எறும்பு ஊர்ந்தது.

"எடுத்தவன் வர்றான் பாரு. ஆம்பளயா, பொம்பளயா?"

"ஆம்பள."

"இன்னா கட்டிகினு கீறான்?"

கண்ணை உயர்த்தினேன். எனக்கு நேர் எதிரே வாசற்படியில் ஐஸ்கார அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவரும் வெற்றிலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இமைக்காமல், வாய் கொஞ்சம் திறந்து.

"லுங்கி" என்றேன்.

"கலரு?"

"நீலம். கட்டம் போட்டது."

"கையில எதுனா கீதா?"

"சாக்குத் துணி."

சாம்பிராணிச் சட்டியில் ஏதோ வெடித்தது. எல்லாத் தலையும் வாசற்படிப் பக்கம் திரும்பியது. நான் எழுந்தேன், ஓடினேன். அந்தக் காத்தாடியை நான்தான் பிடித்தேன். சிவப்பும் வெள்ளையும். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

காத்தாடியோடு திரும்பி வந்தபோது அண்ணன் முற்றத்து நடுவில் நின்றிருந்தார். சாக்குத் துணியை அவிழ்த்துக் கீழே போட்டிருந்தார். வீட்டுக்காரம்மா எதிரே நின்று, "சொல்டா. எடுத்தியா, எடுக்கலியா? ஒரே வார்த்த சொல்லு, நான் நம்பறேன்" என்று கெஞ்சினார். ஆமாம், கெஞ்சினார். இல்லை என்று அண்ணன் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அண்ணன் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரிலம்மா" என்றார். "எடுத்தனா நானு?"

"பாத்தியா, இல்லன்னு சொல்ல வாய் வரல அவனுக்கு" என்று மைக்காரர் மடித்த வெற்றிலையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். காத்தாடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். என் பயமெல்லாம் அதைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்பதுதான். அன்று மாலையும் சொல்லியிருக்கலாம். அதற்குள் அப்பா கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "எம்மவ கண்ணு லேசுப்பட்டதில்ல" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். கோழி காணோம், கொலுசு காணோம் என்று ஆட்கள் வந்தார்கள். நான் கதவை அடைத்துக்கொண்டு அழுதேன். மை பார்த்ததில் பிள்ளைக்குச் சத்து இறங்கிவிட்டது என்று முடிவுகட்டி அம்மா ஒரு மாதம் தினம் முட்டை அவித்துக் கொடுத்தாள். அத்தனையையும் தின்றேன்.

ஆவணி பிறந்தது. லாஞ்சு கடலில் இறங்கியது, அண்ணன் இல்லாமல். மையில் வந்தவனை ஏற்றினால் தொழில் விளங்காது என்று வேறு எந்த லாஞ்சிலும் சேர்க்கவில்லை. பிறகு ஐஸ் வண்டியும் வேறு ஆளிடம் போனது. எண்ணூர்ப் பக்கம் போய்விட்டார் என்றார்கள்.

புரட்டாசியில் லாஞ்சில் ஒரு பலகை ஊறிப்போய் மாற்ற வேண்டியிருந்தது. தச்சர் ஐஸ் அறையின் அடிப்பலகையைப் பெயர்த்தார். காம்பஸ் பெட்டி அங்கே கிடந்தது. சாயம் அடிக்கும்போது யார் கையிலிருந்தோ நழுவி இடுக்கில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அப்பாடா என்றிருந்தது, இனி அண்ணனைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஐஸ் அறையில் கிடந்தது, ஐஸ்காரன்தான் அங்கே போய் வருகிறவன், திருடி ஒளித்து வைத்திருக்கிறான், மை எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டது என்று முடித்தார்கள். மைக்காரருக்கு ஒரு வேட்டியும் தேங்காயும் அனுப்பினார் வீட்டுக்காரம்மா. பொருள் கிடைத்தும் அண்ணன் மீளவில்லை.

இதை நான் எப்படித் தாங்கினேன் என்று கேட்பீர்கள். வளர வளர எனக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. மெஸ்மெரிசம், ஹிப்னாடிசம் என்றெல்லாம் பத்திரிகைகளில் படித்தேன் அல்லவா? சாம்பிராணிப் புகை, ஒரே சீரான குரல், பளபளக்கிற மை. சின்னப் பெண் நான், என்னை மயக்கிவிட்டார்கள். வாய்தான் என்னுடையது, பேச்சு மைக்காரருடையது. ஐம்பது வருஷத்துக்கு மேல் இதைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

இப்போது சில மாதங்களாகத் தூக்கம் சரியாக இல்லை. மகன் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனான். மாத்திரைக்கு முன்னால் அறிதுயில் என்று ஒன்று இருக்கிறது, முயன்று பார்க்கலாம் என்றாள். ஹிப்னாடிசத்துக்குத் தமிழில் அந்தப் பெயராம். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தாள். கையில் பலூன் கட்டியிருக்கிறது, கை தானாக மேலே போகிறது என்றாள். போகவில்லை. வாயில் எலுமிச்சை புளிக்கிறது என்றாள். காலையில் குடித்த காப்பிதான் இருந்தது. இமை கனக்கிறது, திறக்க நினைத்தாலும் முடியாது என்றாள். திறந்தேன். மின்விசிறியில் ஒட்டடை இருந்தது.

டாக்டரம்மா சிரித்தாள். "பரவாயில்லை அம்மா. சிலர் ரெண்டு வார்த்தை சொன்னதுமே போயிடுவாங்க. சிலருக்கு என்ன சொன்னாலும் வராது. நிறையப் பேர் நடுவுல. இது புத்தி, மனபலம் சம்பந்தப்பட்டது இல்லை. ஆளுக்கு ஆள் உயரம் வேறுபடற மாதிரி. வயசானாலும் பெரிசா மாறாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வைத்தியம் பலிக்கவில்லையே என்று அழுகிறேன் என நினைத்து, அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். போகிற போக்கில், "குழந்தைங்களுக்குத்தான் சுலபமா வரும்" என்று ஒரு வார்த்தையும் சொன்னாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சமாளித்துப் பார்த்தேன். குழந்தையாக இருந்தேன், வந்திருக்கும், வந்திருக்கும் என்று. ஆனால் மயங்கினவளுக்கு வெளியே காத்தாடி அறுந்தது எப்படித் தெரியும்? கால் மரத்தது எப்படித் தெரியும்? தோழிக்குக் கண்ணீர் வழிந்தது தெரியாது. எனக்கு எல்லாம் தெரிந்தது.

ஐஸ்கார அண்ணன் எங்கே என்று மாடித் தோழியைக் கேட்டேன். நம் குழுவில் ஒன்றும் எழுதாமல் எல்லாவற்றுக்கும் பூப் படம் அனுப்புகிறாளே, எம்.கே.பி. நகரில் இருக்கிறாளே, அவள்தான். அண்ணன் நெட்டுக்குப்பத்தில் இருக்கிறார், தன் சொந்தக்காரர்களுக்குப் பக்கத்து வீடு என்றாள். பிறகு, "அன்னிக்கு என்னிய இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா எங்கம்மாவாண்ட பேசியிருப்பேன்" என்றாள்.

போன வாரம் போனேன். முகத்துவாரத்தின் ஓரம், மின்நிலையத்துப் புகைபோக்கி தெரிகிற வீடு. எழுபது தாண்டிய மனிதர் வாசலில் குந்தி இறால் உரித்துக்கொண்டிருந்தார். அவர் மகன் ஆற்றில் இறங்கிப் பிடித்து வருவது. அண்ணன் கடலுக்கு ஒரு நாளும் போகவில்லை. என்னை யாரென்று சொன்னதும், "பாப்பா! காத்தாடி பாப்பா!" என்று எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, மறுபடி இறாலுக்கு முன்னால் குந்தினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லாமலே திரும்பிவிடுவேன் என்று பயம்.

"அண்ணே, அன்னைக்கு எனக்கு மையில ஒண்ணுமே தெரியல. உங்க லுங்கியப் பாத்துச் சொன்னேன். சீக்கிரம் எழுந்திரிச்சு ஓடணும்னு சொன்னேன். நீங்க எடுக்கல. எல்லாம் என் பொய்."

அவர் கை உரித்துக்கொண்டே இருந்தது. கோபப்படுவார், அடிப்பார் என்றெல்லாம் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அப்பிடிச் சொல்லாத பாப்பா" என்றார். "நாந்தான் எடுத்தேன்."

"இல்லண்ணே—"

"எனக்கு நல்லா நெனப்பு கீது. பொட்டியத் தொறந்தேன். பித்தள சில்லுனு இருந்துச்சி. உள்ள முள்ளு ஆடிகினே இருந்துச்சி. பலகையத் தூக்கி அடியில வெச்சேன். ஏன் வெச்சேன்னுதான் தெரில. ஏத்தறேன்னு சொன்ன அம்மாவோட பொருளு, அதப் போயி ஏன்டா எடுத்தேன்னு இத்தினி வருசமா ரோசன பண்ணிகினு கீறேன். அந்தம்மா சாவக் கெடந்தப்ப போயிக் கால்ல வுயுந்தேன். மன்னிச்சிட்டேன்டான்னாங்க. அதுக்கப்புறந்தான் எனக்குச் சோறு எறங்குச்சி."

அந்த வாசற்படியும், இமைக்காத கண்ணும், தூக்கிய கொட்டாப்புளியும் ஒன்றாக வந்து நின்றன. மைக்காரர் அன்று ஒருவரை உண்மையாகவே மயக்கிவிட்டுப் போயிருக்கிறார், வெற்றிலைக்கு இந்தப் பக்கம் அல்ல, அந்தப் பக்கம். டாக்டரம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன். சிலருக்கு அப்படித் தோன்றும், நடக்காதது நடந்த மாதிரி ஞாபகம் இருக்கும், நம்பாதீர்கள் என்று மன்றாடினேன். சாயம் அடித்தவர்கள் கை நழுவி விழுந்தது அண்ணே என்றேன். பொய்யை ஐந்து நிமிஷத்தில் சொன்ன வாய், உண்மையை ஒரு மணி நேரம் சொன்னது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு இறால் வாடை அடிக்கிற வலது கையைத் தண்ணீரில் அலசி, உதறி, உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டினார்.

"நீ மையில பாக்கலன்னா இன்னா பாப்பா?" என்றார். "நான் பாத்தேனே."